மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் நாடு எது? பழனி மலையும் சங்கப் பாடல்களும் சொல்லும் கதை!

குளிரில் நடுங்குவதாக நினைத்து மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் கதை பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. அவர் ஆண்ட நாடு எங்கே இருந்தது? கொடைக்கானல் போகிறவர்கள் ஏறும் அதே பழனி மலைத்தொடர்தான்!

யார் இந்த பேகன்?

கடையெழு வள்ளல்களில் ஒருவர். முழுப்பெயர் வையாவிக் கோப்பெரும் பேகன். ஆவியர் குடியைச் சேர்ந்தவர். இந்தக் குடியின் தலைவன் நெடுவேள் ஆவிக்கு உரிய பொதினியைப் பற்றி அகநானூற்றின் முதல் பாடல் பேசுகிறது. அந்தப் பொதினிதான் பிறகு பழனி ஆனது என்பது தமிழறிஞர்கள் கருத்து. பழனி அடிவாரத்தில் உள்ள முருகன் கோயிலின் பெயர் திருஆவினன்குடி. அந்தப் பெயரிலும் 'ஆவி' இருக்கிறது.

போர்வைக்குப் பின்னால் ஒரு கண்ணீர்

புறநானூற்றில் 141 முதல் 147 வரை 7 பாடல்கள் பேகனைப் பற்றியவை. பாடியவர்கள் பரணர், கபிலர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார். முதல் 2 பாடல்கள் அவருடைய கொடையைப் புகழ்கின்றன. வறண்ட குளம், களர்நிலம் என்று பார்க்காமல் பெய்யும் மழை போலக் கொடுப்பவர் என்கிறார் பரணர்.

மற்ற 5 பாடல்களில் விஷயமே வேறு. மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொரு பெண்ணோடு பேகன் வாழ்ந்தார். (இவர் சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல.) அவருடைய அழுகையைக் கண்ட புலவர்கள் நேராக அரசனிடமே முறையிட்டார்கள். 'பசிக்காக வரவில்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான் நாங்கள் கேட்கும் பரிசு' என்பது பரணர் பாடலின் கருத்து. மயிலுக்கு இரங்கியவர் மனைவிக்கு இரங்க வேண்டாமா என்பதுதான் கேள்வி.

மண்ணில் ஆதாரம் இருக்கிறதா?

பழனி அருகே பொருந்தலில் பேராசிரியர் கா.ராஜன் தலைமையிலான குழு 2009, 2010-ம் ஆண்டுகளில் அகழாய்வு செய்தது. அங்கே ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்மணிகளின் காலம் சுமார் கி.மு. 490 என்று தெரியவந்தது. தமிழ்-பிராமி எழுத்துகளும் கிடைத்தன. மலை மேலே தாண்டிக்குடியிலும் பெருங்கற்காலச் சின்னங்கள் உள்ளன. இவை எதிலும் பேகன் பெயர் இல்லை. ஆனால் இந்த மலையைச் சுற்றி அவ்வளவு பழங்காலத்திலேயே விவசாயமும் எழுத்தும் இருந்திருக்கலாம்.

கடைசியில் கண்ணகியிடம் பேகன் திரும்பினாரா? அந்த 7 பாடல்களில் அதற்குப் பதில் இல்லை. ஆனா, பரிசு வாங்கப் போகும் இடத்தில் அரசனின் தவறையே சுட்டிக்காட்டிய 4 புலவர்களின் குரல் இன்னும் இருக்கிறது.