இணையம் போனால் பதிவும் போகும்: திறன் வீட்டுக் கருவிகள் எழுதாத பழுதுகள்

மாலை 7 மணிக்கு வாசல் விளக்கு தானாக எரிகிறது. கதவு திறந்தால் பிள்ளையின் கைப்பேசிக்குச் செய்தி போகிறது. தொட்டி நிரம்பியதும் தண்ணீர் மோட்டார் நிற்கிறது. வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள், தோட்டத்தில் தனியாக இருக்கும் பெற்றோரின் வீட்டில் இத்தகைய கருவிகளை நம்பிக்கையோடு பொருத்துகிறார்கள். ஆனால் இணையம் துண்டிக்கப்பட்டிருக்கும் நேரத்தில் இக்கருவிகள் செய்யத் தவறிய வேலை, பெரும்பாலும் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. மறுநாள் செயலியைத் திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோலவே தெரியும்.

தோட்டப்புறத்தில் ஏன் கவனம் தேவை?

உலகில் இடி மின்னல் அதிகம் தாக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. நெகிரி செம்பிலான் உள்ளிட்ட மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். மின்னலில் மெயின் சுவிட்ச் விழுந்தால் மோடமும் வைஃபையும் அணைந்துவிடும். பகாவ், தம்பின், ஜெலுபு, லிங்கி பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளில் வீட்டில் யாரும் இல்லையென்றால், சுவிட்சைத் தூக்கிவிட ஆள் வரும்வரை வீடு மௌனமாக இருக்கும். பட்டணத்து வீட்டில் ஒரு மணி நேரத்தில் சரியாகும் துண்டிப்பு, இங்கே ஒரு நாளாகவும் நீளலாம்.

பதிவு எங்கே எழுதப்படுகிறது?

திறன் வீட்டுக் கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வெளிநாட்டு சர்வரை நம்பி இயங்குபவை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வைஃபை பிளக், பல்பு, கேமரா ஆகியவற்றில் பல இவ்வகைதான். 'கதவு திறந்தால் விளக்கை ஏற்று' என்ற கட்டளையும் நடந்தவற்றின் பட்டியலும் சர்வரிலேயே இருக்கும்.

இரண்டாம் வகை, வீட்டுக்குள் இருக்கும் சிறு கணினியோ மையக் கருவியோ நடத்துபவை. ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இணையம் இல்லாவிட்டாலும் ஜிக்பீ முறையில் இணைந்த சுவிட்சுகளும் உணரிகளும் இதில் தொடர்ந்து இயங்கும்.

மூன்றாம் வகை, கருவியே தன் நேர அட்டவணையை நினைவில் வைத்திருப்பது. சில பிளக்குகளும் மோட்டார் டைமர்களும் இப்படிப்பட்டவை. இவற்றில் பல, எந்தப் பதிவையும் எழுதுவதே இல்லை.

பதிவு தவறும் ஐந்து வழிகள்

1. தொடங்காத வேலைக்குப் பதிவு இல்லை. கதவு திறந்த செய்தி சர்வரைச் சென்றடையவில்லை என்றால், சர்வரைப் பொறுத்தவரை கதவு திறக்கவே இல்லை. 'தோல்வி' என்று எழுத அதனிடம் எதுவும் இருக்காது. வீட்டுக்குள் இயங்கும் ஹோம் அசிஸ்டன்டிலும் இதே குறை உண்டு. 7 மணிக்கு ஏற்ற வேண்டிய விளக்கு, மின்தடையால் கணினி அணைந்திருந்த நேரத்தில் வந்தால், மின்சாரம் திரும்பிய பிறகு அது அந்த வேலையைத் தேடிச் செய்யாது. தவறிவிட்டது என்றும் குறிக்காது.

2. அனுப்பியதை முடித்ததாக எழுதுவது. சில அமைப்புகள் கட்டளை புறப்பட்டதுமே 'நிறைவேறியது' என்று காட்டிவிடும். கருவி அதைப் பெற்றதா என்று திரும்பிக் கேட்பதில்லை.

3. நேரம் பிழையாவது. பல மலிவுக் கருவிகளுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்ததும் இணையத்திலிருந்துதான் நேரத்தைக் கேட்டுப் பெறும். மின்சாரம் வந்து இணையம் வராத வேளையில், சில கருவிகள் 1970 ஜனவரி 1 என்ற தொடக்கத் தேதியையே பதிவில் எழுதும். பலரும் ஹோம் அசிஸ்டன்டுக்குப் பயன்படுத்தும் ராஸ்பெர்ரி பை கணினியிலும், 4ஆம் மாதிரி வரை, மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லை. இன்னொரு குழப்பம், சர்வர் நேரம். அது அனைத்துலக நேரத்தில் இருந்தால் மலேசிய நேரத்தைவிட 8 மணி நேரம் பின்தங்கும். இங்கே செவ்வாய் அதிகாலை 3 மணிக்கு நடந்தது, அங்கே திங்கள் இரவு 7 மணி என்று இருக்கும்.

4. பழைய பதிவு அழிவது. ஹோம் அசிஸ்டன்ட் இயல்பு அமைப்பில் 10 நாள் வரலாற்றையே வைத்திருக்கும். ஒவ்வொரு தானியங்கி வேலைக்கும் கடைசி 5 முறை நடந்த விவரம் மட்டுமே விரிவாக இருக்கும். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளை, போன மாதம் என்ன நடந்தது என்று தேடினால் கிடைக்காது.

5. பதிவுக் கோப்பே கெடுவது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் நினைவக அட்டையில் உள்ள தரவுத்தளம் சிதையலாம். அப்படி நேர்ந்தால் ஹோம் அசிஸ்டன்ட் கெட்ட கோப்பை ஒதுக்கிவிட்டுப் புதிய கோப்பைத் தொடங்கும். வீடு வழக்கம்போல் இயங்கும். வரலாறு மட்டும் அன்றிலிருந்து தொடங்கும்.

வீட்டு இணையம் நன்றாக இருந்தாலும்

துண்டிப்பு எப்போதும் நம் பக்கத்தில் நடப்பதில்லை. 2021 டிசம்பர் 7ஆம் தேதி அமேசான் வெப் சர்வீசஸ் நிறுவனத்தின் அமெரிக்க சர்வர் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால், ரிங் கேமராக்களும் அலெக்சா ஒலிபெருக்கிகளும் ரூம்பா துப்புரவுக் கருவிகளும் பல வீடுகளில் முடங்கின. 2025 அக்டோபர் 20ஆம் தேதி அதே நிறுவனத்தில் மீண்டும் பெரிய முடக்கம். அன்று, வெப்பத்தைத் தானே மாற்றும் விலை உயர்ந்த படுக்கைகளைக்கூடச் சிலரால் கட்டுப்படுத்த முடியவில்லை. அந்த வீடுகளில் மின்சாரமும் இருந்தது, இணையமும் இருந்தது. கட்டளை இருந்த இடம் மட்டும்தான் எட்டாமல் போனது.

பெரட்டு முறையே தீர்வு

தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் வழக்கத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். வராதவர் தானே வந்து 'நான் இன்று வரவில்லை' என்று சொல்வார் எனக் கிராணி காத்திருப்பதில்லை. கூப்பிட்ட பெயருக்குக் குரல் வரவில்லை என்றால் செக்ரோலில் குறித்துவிடுவார்.

வீட்டுக் கருவிகளுக்கும் இதே முறைதான் ஏற்றது. பழுதானால் செய்தி அனுப்பச் சொல்வதைவிட, 'இருக்கிறேன்' என்ற செய்தியைக் குறித்த நேரங்களில் அனுப்பச் செய்ய வேண்டும். அதை வீட்டுக்கு வெளியே உள்ள ஒரு சேவை கவனிக்க வேண்டும். 15 நிமிடம் குரல் வரவில்லை என்றால், அந்தச் சேவை பிள்ளையின் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும். இதற்கான இலவசச் சேவைகள் இணையத்தில் உள்ளன. கணினி அறிவு இல்லாதவர்கள் காலையும் மாலையும் ஒரு தொலைபேசி அழைப்பை வழக்கமாக்கிக் கொள்ளலாம். அதுவும் பெரட்டுதான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• மாதம் ஒருமுறை மோடத்திலிருந்து இணையக் கம்பியை மட்டும் 15 நிமிடம் கழற்றி வைத்துச் சோதிக்க வேண்டும். எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்து, பிறகு செயலியில் என்ன பதிவாகியிருக்கிறது என்று ஒப்பிட வேண்டும்.

• மோடம், ரவுட்டர், மையக் கருவி மூன்றையும் ஒரு சிறிய யூபிஎஸ் மின்கலத்தில் இணைப்பது நல்லது. கோப்பு கெடுவதையும் இது குறைக்கும்.

• கேமராவில் நினைவக அட்டை கட்டாயம் இருக்க வேண்டும். துண்டிப்புக்குப் பிறகு திரையில் உள்ள தேதியையும் மணியையும் சரிபார்க்க வேண்டும். திருட்டு நடந்து காவல் துறையில் புகார் செய்யும்போது தவறான தேதியுள்ள காட்சி சிக்கலை உண்டாக்கும்.

• மாற்று இணைப்பாக 4ஜி மோடம் வைக்கலாம். நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டதால், 3ஜியை மட்டும் நம்பிய பழைய எச்சரிக்கைக் கருவிகள் இனிப் பயன்படா.

• சுவரில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டு, இணையமும் மின்சாரமும் போன நேரம், வந்த நேரம் ஆகியவற்றை எழுதி வரலாம். மின்தடையைத் தெனாகா நேஷனலின் 15454 எண்ணில் தெரிவிக்கலாம். இணையத் துண்டிப்பை முதலில் சேவை நிறுவனத்திடம் புகார் செய்து குறிப்பு எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் கொண்டு செல்லலாம். நாளும் மணியும் எழுதிய நோட்டு அங்கே கை கொடுக்கும்.

• எரிவாயுக் கசிவு, புகை ஆகியவற்றுக்கான உணரிகள் வீட்டிலேயே உரக்க ஒலி எழுப்புபவையாக இருக்க வேண்டும். கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவதை மட்டும் நம்பும் உணரி, இணையம் போன வீட்டில் இருந்தும் இல்லாததுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்த ஒலி எதற்கானது என்று சொல்லி வைப்பது நல்லது.

புதிய கருவி வாங்கும்போது கடையில் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: இணையம் இல்லாதபோது இது எந்த வேலையைச் செய்யும்? செய்யாமல் விட்டதை எங்கே எழுதி வைக்கும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காத கருவியை விளக்குக்குப் பயன்படுத்தலாம். தனியாக இருக்கும் தாயின் பாதுகாப்பை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.