ஈரத்தை அளந்த முடி

மழை வரப்போகிறது என்று கைபேசி சொல்வதற்கு முன்பே சிலருடைய தலைமுடி சொல்லிவிடும். காலையில் சீவிக் கட்டிக்கொண்டு ஒழுங்காகத்தான் வெளிக்கிடுவீர்கள். காற்றில் ஈரம் ஏறியதும் ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு திசை பார்க்கும். "என்ன பிள்ளை, பரட்டைத் தலையோட நிக்கிறாய்?" என்று ஒரு மாமி கேட்காமல் விடமாட்டார். இந்தப் பரட்டையை அடக்க மனிதர்கள் பட்ட பாட்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தவர், அதை அடக்காமல் வேலைக்கு வைத்துக்கொண்ட ஒருவர்.

அவர் பெயர் ஒராஸ் பெனெடிக்ட் து சோசூர். ஜெனீவாவைச் சேர்ந்த அறிவியலாளர். அல்ப்ஸ் மலைகளில் ஏறி ஏறிக் காற்றை ஆராய்ந்தவர். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. ஈரம் கூடினால் மனிதத் தலைமுடி நீளும், குறைந்தால் சுருங்கும் என்பதைப் பயன்படுத்தி ஒரு கருவி செய்தார். 1783இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். முற்றாகக் காய்ந்த முடி முழு ஈரத்தில் சுமார் 2 முதல் 2.5 சதவீதம் வரை நீளும். சிறிய மாற்றம்தான். ஆனால் முடியின் ஒரு முனையை முள்ளுடன் இணைத்துவிட்டால், அந்த மாற்றத்தை முள் பெரிதாக்கிக் காட்டும். இந்த முறையில் இயங்கிய கருவிகள் 20ஆம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இருந்தன.

பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இதில் இன்னொரு விவரம் முக்கியமாகப் பட்டது. சோசூர் முதலில் முடியைச் சோடாக் கரைசலில் கொதிக்கவைத்து அதிலிருந்த எண்ணெய்ப்பசையை நீக்கினார். எண்ணெய்ப்பசை போனால்தான் முடி ஈரத்தை நன்றாக உணர்ந்தது. இதையே திருப்பிப் பாருங்கள். ஈரத்துக்கு முடி துள்ளக்கூடாது என்றால் அதில் எண்ணெய்ப்பசை இருக்கவேண்டும். எங்கள் அம்மம்மாமார் கருவி எதுவும் இல்லாமலே வந்து சேர்ந்த முடிவு இது.

முடிக்குள் என்ன நடக்கிறது? முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளை இரண்டு வகைப் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது. தண்ணீர் பட்டால் அவிழும், காய்ந்தால் திரும்பவும் சேரும். கந்தகப் பிணைப்பு பலமானது. வெறும் தண்ணீருக்கு அசையாது. வெளியே கூரை ஓடுகள் போல அடுக்கடுக்காகச் செதில்கள் மூடியிருக்கின்றன. நேரான முடியில் தலையில் சுரக்கும் எண்ணெய் நுனிவரை வழுக்கிப் போய்விடும். சுருட்டை முடியில் வளைவுகளைத் தாண்டிப் போவது கடினம். அதனால் முடி காய்கிறது, செதில்கள் விரிகின்றன, காற்றின் ஈரம் உள்ளே போகிறது. ஒவ்வொரு முடியும் தன் பாட்டுக்கு வீங்கி வளைகிறது. பரட்டை என்பது இவ்வளவுதான்.

எங்கள் மரபு இதற்கு எண்ணெயையும் புகையையும் வைத்திருந்தது. சங்க இலக்கியம் பெண்களின் கூந்தலை ஐம்பால் என்கிறது. ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் வந்த பெயர். குளித்த கூந்தலுக்கு அகில் புகை ஊட்டும் வழக்கமும் அந்தப் பாடல்களில் வருகிறது. அதுவே வீட்டில் சாம்பிராணிப் புகையாகத் தொடர்ந்தது. தேங்காயெண்ணெயைப் பற்றி 2003இல் வெளியான ஓர் ஆய்வு, அது முடிக்கு உள்ளேயே போய்ப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. ஆய்வு செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தினர் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலமான பிணைப்பையே உடைக்கும் வழி வேறிடத்தில் வளர்ந்தது. அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் ஒழிந்த பிறகும், கறுப்பின மக்களின் சுருட்டை முடி "ஒழுங்கற்றது" என்றே பார்க்கப்பட்டது. வேலையும் மரியாதையும் வேண்டுமானால் முடி நேராக இருக்கவேண்டும் என்ற நிலை. கிளீவ்லாந்தில் தையல் இயந்திரம் திருத்திய காரெட் மோர்கன், ஊசி சூடாகாமல் இருக்க ஒரு திரவம் தேடியபோது, அது துணியின் இழைகளை நேராக்கியதைக் கண்டார் என்று சொல்வார்கள். பக்கத்து வீட்டு நாயில் பூசிப் பார்த்துவிட்டுத் தன் தலையில் பூசினாராம். 1913இல் அதை விற்க ஒரு நிறுவனம் தொடங்கினார். பின்னாளில் போக்குவரத்து சமிக்ஞைக்குக் காப்புரிமை பெற்றவரும் இவரேதான். பிறகு வந்த பல நேராக்கும் களிம்புகளில் சோடியம் ஹைட்ராக்சைட் இருந்தது. குழாய் அடைப்பை எடுக்கப் பயன்படும் அதே பொருள்.

இதன் விலை இப்போது தெரியவருகிறது. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2022இல் வெளியானது. முடியை நேராக்கும் பொருட்களைப் பயன்படுத்தாதவர்களில் 1.64 சதவீதத்தினருக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரலாம் என்று அது கணித்தது. ஆண்டுக்கு நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் அது 4.05 சதவீதம். இது ஒரு தொடர்பு. அந்தப் பொருட்கள்தான் காரணம் என்பதற்கு நிரூபணம் அல்ல. ஆனாலும் ஒரு மாமியின் சிரிப்புக்காக எடுக்கக்கூடிய ஆபத்தா இது?

அந்தச் சிரிப்புக்கும் வரலாறு உண்டு. 1977இல் வந்த 'பதினாறு வயதினிலே' படத்தில் ரஜினிகாந்த் நடித்த ஊர் வம்பனுக்குப் பெயரே பரட்டை. முடியைச் சொன்னாலே ஆள் எப்படிப்பட்டவன் என்று எங்களுக்குப் புரிந்துவிடுகிறது! முடியை வைத்து ஆளை எடைபோடுவது எங்களிடமும் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 2019இல், இயற்கையான முடிக்காக ஒருவரை வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக்கூடாது என்று சட்டம் இயற்றியது. அதன் சுருக்கப் பெயர் மகுடம் என்று பொருள்படும் 'கிரவுன்'. தமிழில் முடி என்றாலும் மகுடம்தானே.

அடக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் தலை, உங்கள் விருப்பம். பலவீனமான பிணைப்போடு மட்டும் பேசிப் பாருங்கள் என்கிறேன். முழுகுவதற்கு முன் கொஞ்சம் எண்ணெய் வையுங்கள். கண்டிஷனர் போட்டு, ஈரமாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். துவாயால் தேய்க்காமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள். காய்ந்த சுருட்டையைச் சீவாதீர்கள். இத்தனைக்குப் பிறகும் மழை நாளில் நாலு முடி எழும்பி நின்றால், சோசூர் அதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று திட்டியிருக்க மாட்டார். எத்தனை பாகை ஈரம் என்று குறித்துக்கொண்டு போயிருப்பார்.