446 பைட்டுகளின் வரலாறு: திருவனந்தபுரமும் லினக்ஸ் பழுதுபார்ப்பும்

திருவனந்தபுரத்தின் கணினி வரலாற்றை எழுதுவோர் 1990-இல் கழக்கூட்டத்தை ஒட்டி உருவான டெக்னோபார்க்கிலிருந்து தொடங்குவது வழக்கம். அந்நகருக்கு அதற்கு இணையான இன்னொரு வரலாறும் உண்டு. எவரும் இயக்கவும், ஆராயவும், திருத்தவும், படியெடுத்துப் பகிரவும் உரிமை தரும் மென்பொருளைத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்றும் மலையாளத்தில் 'ஸ்வதந்த்ர' மென்பொருள் என்றும் வழங்குவர். அதனைப் பரப்பும் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலை 20 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மனால் இந்நகரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கேரள அரசின் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டமும் உருப்பெற்று, பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்டு மாநிலம் முழுவதும் கணினிக் கல்வியைக் கொண்டு சென்றது. இவ்விரண்டும் இணைந்த வரலாறு கொள்கை ஆவணங்களின் வழியே பலமுறை சொல்லப்பட்டுள்ளது. அக்கொள்கை வகுப்பறையில் நிலைபெறுவதற்குத் தேவைப்பட்ட ஒரு சிறு கைவினை, அதாவது லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் கொண்ட கணினி திறக்க மறுக்கும்போது அதனை மீண்டும் திறக்கவைக்கும் வேலை, அந்த ஆவணங்களில் இடம்பெறுவது அரிது.

கணினியின் மின்விசையை அழுத்தியதும் இயங்குதளம் தானாக எழுவதில்லை. பழைய கணினிகளில், தாய்ப்பலகையில் உறையும் பயாஸ் என்னும் அடிப்படை நிரல் வன்தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்குள்ள கட்டளைகளிடம் பொறுப்பை ஒப்படைக்கும். அவற்றுள் 64 பைட்டுகள் வன்தட்டு எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளது என்னும் அட்டவணைக்கும், இறுதி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் போய்விட, நிரலுக்கு எஞ்சுவது 446 பைட்டுகள் மட்டுமே. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்வதால், இவ்விடத்தில் 150 தமிழ்க் குறிகள்கூட அடங்கா. இத்துணைச் சிறிய இடத்தில் அமர்ந்து, தன்னைவிடப் பெரிய அடுத்த கட்ட நிரலை அழைத்து, அதன் வழியாக லினக்ஸின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுவதே பூட்லோடர் எனப்படும் தொடக்க ஏற்றியின் பணி.

தொண்ணூறுகளில் லினக்ஸுக்குப் பரவலாகப் பயன்பட்ட தொடக்க ஏற்றி, வெர்னர் ஆல்ம்ஸ்பெர்கர் எழுதிய 'லிலோ'. அது கோப்புகளின் பெயரை அறியாது. கெர்னல் வன்தட்டின் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்னும் முகவரிப் பட்டியலை மட்டுமே அறியும். ஆகவே கெர்னலை மாற்றியவர் லிலோவை மறுபடி இயக்க மறந்தால், அப்பட்டியல் வீடு மாறியவரின் பழைய முகவரியைப் போலப் பயனற்றுப் போகும். தன் பெயரின் நான்கு எழுத்துகளை ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ஒவ்வொன்றாகத் திரையில் இடுவது அதன் இயல்பு என்பதால், முதலிரண்டு எழுத்துகளோடு திரை உறைந்து நின்றால், இரண்டாம் கட்ட நிரல் வந்து சேர்ந்தும் இயங்கவில்லை என்பதைப் பழுதுபார்ப்பவர் உணர்ந்துகொள்வார். 1995-இல் எரிக் போலின் தொடங்கிய 'கிரப்' கோப்பு முறைமையைத் தானே படிக்கக் கற்று இக்குறையைப் போக்கியது.

கேரளப் பள்ளிகளின் கணினிப் பாடம் தொடக்கத்தில் விண்டோஸைச் சார்ந்தே அமைந்திருந்தது. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் அதனை எதிர்த்ததன் விளைவாக லினக்ஸ் படிப்படியாக நுழைந்து, இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் முதலிடம் பெற்றது. இடைக்காலத்தில் ஒரே வன்தட்டில் இரு இயங்குதளங்களும் குடியிருக்க நேர்ந்தது. கிரப் சிக்கலும் அங்கேதான் பிறந்தது. விண்டோஸை மறுபடி நிறுவினால் அது எவரையும் கேளாமல் முதல் 446 பைட்டுகளில் தன் நிரலை எழுதிவிடும். லினக்ஸின் கோப்புகள் அனைத்தும் பத்திரமாக இருக்கும். அவற்றைச் சென்றடையும் வழி மட்டும் இராது. கணினிக்கூடத்துக்குப் பொறுப்பான ஆசிரியரின் கண்ணுக்கோ லினக்ஸே அழிந்துவிட்டதாகத் தோன்றும்.

இதற்கான மருந்து லைவ் சிடி வடிவில் வந்தது. வன்தட்டைத் தொடாமல், குறுந்தகட்டிலிருந்தே முழு இயங்குதளத்தையும் நினைவகத்தில் இயக்கும் இம்முறையை, 2000-இல் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட 'நாப்பிக்ஸ்' பரவலாக்கியது. உபுண்டு என்னும் லினக்ஸ் பதிப்பு 2005 முதல் 2011 வரை குறுந்தகடுகளைக் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக அஞ்சலில் அனுப்பியது. பின்னர் அவ்விடத்தைப் பென்டிரைவ் பிடித்துக்கொண்டது. பழுதுபார்ப்பின் ஒழுங்கு அன்றுமுதல் பெரிதும் மாறவில்லை. பென்டிரைவிலிருந்து எழுந்த தற்காலிக லினக்ஸில் நின்றுகொண்டு, வன்தட்டின் பகுப்புகளை முதலில் பட்டியலிட்டு, லினக்ஸ் நிறுவப்பட்ட பகுப்பை அடையாளம் கண்டு அதனை ஒரு கோப்புறையில் இணைக்க வேண்டும்; இதற்கு 'மவுண்ட்' செய்தல் என்று பெயர். அதன்பின், கெர்னல், வன்பொருள் ஆகியவற்றின் நடப்பு நிலையைக் காட்டும் டெவ், பிராக், சிஸ் ஆகிய மூன்று கோப்புறைகளையும் அதற்குள் பிணைத்து, 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் தோன்றிய 'சிஎச்ரூட்' கட்டளையை இட்டால், பழுதுற்ற லினக்ஸே வேராகி, தொடர்ந்து இடப்படும் கட்டளைகள் அதற்குள் நிறைவேறும். அங்கிருந்து 'கிரப்-இன்ஸ்டால்' தொடக்க நிரலை உரிய இடத்தில் மீண்டும் எழுத, 'அப்டேட்-கிரப்' வன்தட்டிலுள்ள இயங்குதளங்களைத் தேடிப் பட்டியல் திரையைப் புதுப்பிக்கும்.

கைப்பழக்கமான இவ்வேலையும் இருமுறை புதிதாகக் கற்கப்பட வேண்டியதாயிற்று. பள்ளிகளின் லினக்ஸ் பதிப்பு முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடித்தளமாகக் கொண்டது. உபுண்டு 2009 அக்டோபரில் கிரப்பின் இரண்டாம் தலைமுறைக்கு மாறியபோது, அதுவரை சுழியத்திலிருந்து எண்ணப்பட்ட பகுப்புகள் ஒன்றிலிருந்து எண்ணப்படலாயின. வன்தட்டுகளோ முன்போலவே சுழியத்திலிருந்து எண்ணப்பட்டதால், பழைய குறிப்பேட்டை நம்பியவர் பக்கத்துப் பகுப்பைத் தொட நேர்ந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்ததையொட்டி யூஇஎஃப்ஐ என்னும் புதிய அடிப்படை நிரல் பரவியதும், தொடக்க ஏற்றி 446 பைட்டுச் சிறையிலிருந்து விடுபட்டு, அதற்கெனவே ஒதுக்கிய தனிப் பகுப்பில் சாதாரணக் கோப்பாகக் குடியேறியது. அப்பகுப்பையும் மவுண்ட் செய்யும் படி ஒன்று பழைய வரிசையில் கூடியது.

2017-இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களின் பயிற்சியில் வன்பொருளும் ஒரு பாடமாக இடம்பெற்றது. வல்லுநர்களிடம் தொடங்கிய இத்துறை அறிவு ஆசிரியர்களைக் கடந்து மாணவர் வரை இறங்கியதற்குப் பயிற்சி மட்டும் காரணமன்று. பழுதுபார்க்கும் கருவியும் பழுதுபார்க்கப்படும் இயங்குதளமும் ஒரே பென்டிரைவில் அடங்கியிருந்தன. அதனைப் படியெடுத்து அடுத்த பள்ளிக்குக் கொடுப்பதற்கு உரிமக் கட்டணமோ அனுமதிக் கடிதமோ தேவைப்படவில்லை. ஸ்டால்மன் வரையறுத்த நான்கு உரிமைகளுள் பகிரும் உரிமை, கேரளத்தின் கணினிக்கூடங்களில், ஒரு பள்ளி மற்றொரு பள்ளிக்குக் கைமாற்றாகத் தந்த பென்டிரைவாக நடைமுறைக்கு வந்தது.