பன்னிரண்டு பேருக்காக விட்டுவைத்த பிழை

1976ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்றொரு சின்னக் கருவியை எழுதுகிறார். ஒரு பெரிய மென்பொருளில் எந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்று பார்த்து, தேவையான பகுதியை மட்டும் திரும்பக் கட்டித்தருவதுதான் அதன் வேலை. அதற்குக் கொடுக்கும் கோப்பில் ஒரு விதி இருந்தது. கட்டளை வருகிற வரி 'டாப்' சாவியை அழுத்தித்தான் தொடங்கவேண்டும். எட்டு இடைவெளி விட்டாலும் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனா வேலை செய்யாது.

இது தொல்லை என்று ஃபெல்ட்மனுக்குக் கெதியாகவே விளங்கிவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு பன்னிரண்டு பேரளவில் கருவியைப் பாவிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய வேலையைக் குழப்பக்கூடாது என்று விதியை அப்படியே விட்டுவிட்டார். பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக, இன்றைக்கு மேக் பழகுகிற ஒவ்வொருவரும் ஒருநாளாவது அந்த 'டாப்'போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

கட்டளை வரிக் கருவிகளின் வரலாறு முழுக்க இந்தக் கேள்வி கூடவே வருகிறது. பழைய நடத்தையைக் காப்பாற்றுவதா, பாவிக்கிற ஆளைக் காப்பாற்றுவதா?

முதலில், பழசு ஏன் அப்படி இருந்தது என்று பார்ப்போம். யுனிக்ஸ் 1969இல் பிறந்தபோது திரை என்று ஒன்று பெரிதாக இல்லை. மொடல் 33 டெலிடைப் இயந்திரம் செக்கனுக்குப் பத்து எழுத்துகளைத்தான் கடதாசியில் அடிக்கும். ஒவ்வொரு தடவையும் "நிச்சயமா அழிக்கவா?" என்று அது கேட்டுக்கொண்டிருந்தால் பொழுதுபட்டுவிடும். அதனால் கட்டளைகளுக்கு இரண்டெழுத்துப் பெயர் வந்தது, வேலை சரியாக முடிந்தால் பேசாமலிருப்பது வழக்கமானது. ஒரு கருவியின் வெளியீடு இன்னொன்றின் உள்ளீடாகப் போகிற குழாய் முறை வந்தபிறகு இந்த மௌனம் இன்னும் அவசியமாயிற்று. பாவித்தவர்களும் அதே கட்டிடத்தில் இருந்த ஆய்வாளர்கள். ஏதும் பிழைத்தால் பக்கத்து அறையில் போய்க் கேட்கலாம்.

பிறகு அந்தக் கருவிகள் கட்டிடத்தை விட்டு வெளியே வந்தன. மௌனமும் கூடவே வந்தது.

'ஆர்எம்' கோப்பை அழிக்கிற கட்டளை. அதோடு இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால், உள்ளே இருக்கிற கோப்புறைகளையும் அழித்துக்கொண்டு போகும், ஒன்றும் கேட்காது. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ இந்தக் கட்டளையைப் பிழையான இடத்தில் கொடுத்துவிட்டார்கள். படத்தின் பெரும்பகுதி கண்முன்னாலேயே மறைந்துகொண்டு போனது. காப்புப் பிரதியைத் தேடினால் அதுவும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. கலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், பிள்ளை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒரு பிரதியைக் கொண்டுபோயிருந்தார். படம் தப்பியது அதால்தான்.

அதே கட்டளையை முழுக் கணினியின் வேர்க் கோப்புறைக்குக் கொடுத்தால்? நீண்டகாலம் அதற்கும் தடை இருக்கவில்லை. 2005இல் வெளிவந்த சோலாரிஸ் 10இல் சன் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் இதை மறித்தார்கள். தரத்தை மீறுகிறீர்கள் என்ற பேச்சு வராமலிருக்க, அவர்கள் தரத்தையே துணைக்கு எடுத்தார்கள். யுனிக்ஸ் கருவிகளுக்கான பாசிக்ஸ் தரம், நிற்கிற கோப்புறையை அழிக்கச் சொன்னால் ஆர்எம் மறுக்கவேண்டும் என்கிறது. எல்லாமே வேருக்குள்தான் இருக்கிறது. ஆகவே வேரை அழிப்பதென்றால் நிற்கிற இடத்தையும் அழிப்பதுதான். நுனிக்கொம்பில் இருந்துகொண்டு அடிமரத்தை வெட்டுகிற கதை! 2006இல் க்னூ கருவிகளும் இந்தப் பாதுகாப்பை இயல்பாக்கின. 2008 பாசிக்ஸ் தரத்தில் அது விதியாகவே வந்துவிட்டது.

இந்த இடத்தில் பழமை தோற்றதில் யாருக்கும் நட்டமில்லை. வேரை அழிப்பதை நம்பி ஒழுங்கான எந்த வேலையும் நடக்கவில்லை.

ஆனால் பாதுகாப்பு முழுமையாகவும் இல்லை. வேருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டால், ஷெல் அதை உள்ளே இருக்கிற கோப்புறைகளின் பெயர்ப் பட்டியலாக விரித்துக் கொடுத்துவிடும். ஆர்எம் 'வேர்' என்ற சொல்லையே காணாது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளில் இதுதான் நடந்தது. அதன் ஸ்கிரிப்டில் இருந்த ஒரு மாறி வெறுமையாகிவிட, "ஸ்டீம் கோப்புறைக்குள் இருக்கிற எல்லாவற்றையும் அழி" என்ற வரி "வேருக்குள் இருக்கிற எல்லாவற்றையும் அழி" என்று மாறிவிட்டது. பாவனையாளர்களின் சொந்தக் கோப்புகள் போயின.

அப்ப எல்லாத்துக்கும் ஒருக்காக் கேட்டுவிட்டுச் செய்தால் என்ன? இங்கேதான் மற்றப் பக்கத்தின் நியாயத்தையும் கேட்கவேண்டும். நடுச்சாமத்தில் ஆளில்லாமல் ஓடுகிற ஸ்கிரிப்ட் ஒன்று "அழிக்கவா?" என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை, விடியும்வரை வேலை அப்படியே நிற்கும். அதோடு, எப்போதும் கேட்கிற கேள்வி கேள்வியாகவே இராது. ரெட் ஹாட் லினக்ஸில் நிர்வாகிக் கணக்குக்கு ஆர்எம் ஒவ்வொரு கோப்புக்கும் கேட்கும்படி வைத்திருந்தார்கள். ஆட்கள் பார்க்காமலே 'ஆம்' என்று அடிக்கப் பழகினார்கள். கேட்கும்தானே என்ற நம்பிக்கையோடு வேறொரு கணினிக்குப் போனால், அங்கே அது கேட்காது.

2021இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீமை நிறுவப் பார்த்தார். பொதி ஒன்றில் இருந்த பிழையால், டெஸ்க்டொப்பையே அகற்றப்போவதாக 'ஆப்ட்' நீளமாக எச்சரித்தது. தொடரவேண்டுமென்றால் "ஆம், நான் சொன்னபடி செய்" என்ற ஆங்கில வசனத்தை முழுதாக ரைப் பண்ணச் சொன்னது. அவர் ரைப் பண்ணினார். டெஸ்க்டொப் போனது. ஆங்கிலம் தாய்மொழியான, கணினியே தொழிலான ஒருவருக்கே அந்த எச்சரிக்கை உதவவில்லை என்றால், ஆங்கிலத்தைத் தடவித் தடவி வாசிக்கிற எங்கட பெடியளுக்கும் பிள்ளைகளுக்கும் அது எப்படிக் காவலாகும்? அதன்பிறகு, வசனம் அடித்தால் மட்டும் அத்தியாவசியப் பொதிகளை அகற்றமுடியாதபடி ஆப்டை மாற்றினார்கள்.

இரண்டையும் காப்பாற்றிய உதாரணங்களும் இருக்கின்றன. 'கிட்' கருவி முன்பு, ஒன்றும் குறிப்பிடாமல் அனுப்பச் சொன்னால் இரண்டு பக்கமும் பெயர் ஒத்த எல்லாக் கிளைகளையும் அனுப்பிவிடும். 2014இல் வந்த கிட் 2.0இலிருந்து நிற்கிற கிளையை மட்டும் அனுப்புகிறது. இந்த மாற்றத்தை 2012இலேயே அறிவித்தார்கள், பழையபடி வேண்டுமென்றால் ஒரு அமைப்பை மாற்றினால் போதும் என்று வழியும் விட்டார்கள். 2016இல் 'எல்எஸ்' கட்டளை, இடைவெளியுள்ள கோப்புப் பெயர்களை மேற்கோள்குறிக்குள் காட்டத் தொடங்கியது. ஆனால் திரையில் மட்டும்தான். வெளியீடு குழாய்வழியே இன்னொரு கருவிக்குப் போனால் பழைய வடிவமேதான். அப்படியிருந்தும் பலர் சண்டைக்கு வந்தார்கள் என்பது வேறு கதை.

எங்கள் நிலைப்பாடு இதுதான். ஸ்கிரிப்டுகளுக்குக் கொடுத்த வாக்கைக் கருவி காப்பாற்றவேண்டும். ஆள் இருந்து ரைப் பண்ணுகிற இடத்தில், திருப்பி எடுக்கமுடியாத காரியத்துக்குக் கருவி தானாகவே மறுக்கவேண்டும். கட்டாயம் செய்யத்தான் வேண்டுமென்பவர் அதற்கென்று தனியாக எழுதிக் கேட்கட்டும். மாற்றுகிறதென்றால் முன்கூட்டியே சொல்லி, அவகாசம் கொடுத்து மாற்றவேண்டும்.

பழமைக்காகப் பேச எப்பவும் ஆள் இருக்கும். ஃபெல்ட்மனுக்கு அந்தப் பன்னிரண்டு பேரையும் தெரியும். அவர்களுக்குப் பிறகு வரப்போகிறவர்களை அவருக்குத் தெரியாது, அவர்களால் வந்து முறைப்பாடு சொல்லவும் முடியாது. இப்ப எங்களில் கனபேர் நிரல் எழுதுகிறோம், எழுதியதை நண்பர்களுக்குக் கொடுக்கிறோம். பாவிக்கிறவர்கள் பன்னிரண்டு பேராக இருக்கிறபோதுதான் பிழையைத் திருத்துவது சுகம்.