பதினெட்டு ப்ளக், இரண்டு மேக்னெட்டோ

ஸ்பார்க் ப்ளக் என்றதும் நம்மில் பல பேருக்கு ஸ்கூட்டர்தான் ஞாபகம் வரும். உதைத்து உதைத்துக் கால் வலித்த பிறகு, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்து, அதற்கும் மசியவில்லை என்றால் ப்ளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டினால் கிளம்பிவிடும். இதே சமாச்சாரம் பத்தாயிரம் அடி உயரத்தில், கீழே வெறும் கடலாக இருக்கும்போது நடந்தால் யார் இறங்கி உதைப்பது? பழைய ரேடியல் இன்ஜின்களின் சரித்திரத்தில் பாதி, இந்தக் கேள்விக்குத் தேடிய பதில்தான்.

ரேடியல் என்பது சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி, நடுவில் கிராங்க், சுற்றிலும் சிலிண்டர்கள். ஒரு வரிசைக்கு ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில்தான் இருக்கும். ஒன்பது சிலிண்டர் என்றால் 1-3-5-7-9-2-4-6-8 என்ற வரிசையில் வெடிக்கும். ஒன்று விட்டு ஒன்று, இரண்டு சுற்றில் எல்லோருக்கும் ஒரு முறை. இதற்காகத்தான் ஒற்றைப்படை. பார்க்க அழகு, காற்றே குளிர வைத்துவிடும், ரேடியேட்டர் சள்ளை கிடையாது. ஆனால் அடியில் இருக்கும் சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. இன்ஜின் நின்ற பிறகு எண்ணெய் மெதுவாக அங்கே இறங்கித் தேங்கும். ராத்திரி முழுக்க நின்ற விமானத்தில் காலையில் புரொப்பல்லரைக் கையால் சுற்றிப் பார்க்கிறார்களே, அது சும்மா சடங்கு இல்லை. தேங்கிய எண்ணெயோடு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் கீழ் சிலிண்டர்களின் ப்ளக் எண்ணெயில் குளித்திருக்கும்.

ரைட் சகோதரர்களின் 1903 இன்ஜினில் ஸ்பார்க் ப்ளக்கே கிடையாது, தெரியுமோ? சிலிண்டருக்குள்ளேயே இரண்டு தொடுமுனைகள் ஒட்டிப் பிரியும். பிரியும்போது பொறி வரும். அதற்கு முந்தைய வருஷம், 1902ல், ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் கம்பெனியில் இருந்த காட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ப்ளக்கையும் செய்து முடித்திருந்தார். மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டாம். காந்தம் சுற்றும், சுருளில் மின்சாரம் பிறக்கும், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல ஆயிரம் வோல்ட் எகிறும். இன்ஜின் சுற்றுகிற வரைக்கும் பொறி உண்டு. இதைவிட விமானத்துக்கு வேறென்ன வேண்டும்? விளைவு, 1914ல் போர் வந்தபோது பிரிட்டன் முழித்தது. அதுவரை தன் மேக்னெட்டோக்களில் பெரும்பகுதியை ஸ்டுட்கார்ட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரிநாட்டுப் பொறியில்தான் தங்கள் விமானமே பறக்கிறது என்பது போர் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

அந்தப் போரில் ஓடியவை பெரும்பாலும் ரேடியல் இல்லை, ரோட்டரி. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இதில் கிராங்க் விமானத்தோடு நிலையாக நிற்க, சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். மசகுக்கு விளக்கெண்ணெய். அது எரிந்தும் எரியாமலும் வெளியே தெறித்து, பைலட் மூஞ்சியெல்லாம் அபிஷேகம். வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று நம்ம பாட்டிகளுக்குத் தெரியும் :-) இறங்கும்போது வேகத்தைக் குறைக்க பைலட் ஒரு பொத்தானை அழுத்தி இக்னிஷனை வெட்டி வெட்டி விடுவார். பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அதிக நேரம் அழுத்தினால் ப்ளக் நனைந்து, திரும்பப் பொறியே வராது.

1920களில் சிலிண்டர்கள் நிலையாக நிற்கும் ரேடியல் நம்பகமான இன்ஜின் ஆனது. அதற்குச் சாட்சி 1927 மே 20-21, லிண்ட்பெர்க். நியூயார்க்கிலிருந்து பாரிஸ், தனி ஆள், ஒரே ஒரு ரைட் வேர்ல்விண்ட் ஜே-5சி இன்ஜின், ஒன்பது சிலிண்டர், சுமார் 220 குதிரைசக்தி, முப்பத்து மூன்றரை மணி நேரம். நிமிஷத்துக்கு 1,600 சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்கு நிமிஷத்துக்கு 800 வெடிப்பு. மொத்தப் பயணத்தில் 16 லட்சத்துக்கு மேல். ஒன்பது சிலிண்டருக்கும் சேர்த்து ஏறக்குறைய 1 கோடியே 45 லட்சம். சிலிண்டருக்கு இரண்டு ப்ளக், ஆக 2 கோடியே 90 லட்சம் பொறி. இறங்கிச் சரிபார்க்க வழியே இல்லாத அட்லாண்டிக்கின் மேலே!

அந்த விமானத்தில் இருந்தவை இரண்டு சிண்டில்லா மேக்னெட்டோ, பதினெட்டு ஏசி ப்ளக். ஏசி என்பது ஆல்பர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சுக்காரரின் முதலெழுத்துகள். சைக்கிள் பந்தய வீரராக அமெரிக்கா போனவர், பாஸ்டனில் தன் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்தார். கூட்டாளிகளோடு ஒத்துவராமல் வெளியேறி 1908ல் ஃப்ளின்ட் நகரில் வேறு கடை போட்டார். "சாம்பியன்" என்ற பெயர் பழைய கூட்டாளிகளிடமே தங்கிவிட்டது. சொந்தப் பெயரைப் பறிகொடுத்த மனிதருக்கு மிஞ்சியது இரண்டெழுத்து. இன்றைக்கும் விமானக்காரர்கள் வாங்கும் சாம்பியன் ப்ளக் அந்தப் பழைய கூட்டாளிகளின் வாரிசு. லிண்ட்பெர்க் பாரிஸில் இறங்கிய அதே வருஷம் அக்டோபரில், அதே பாரிஸில் ஆல்பர்ட் சாம்பியன் இறந்துபோனார்.

இரண்டு மேக்னெட்டோ எதற்கு? ஒன்று போனால் இன்னொன்று என்பது பாதிதான். பெரிய சிலிண்டரில் ஒரு மூலையில் பற்றவைத்தால் தீ மறுமூலைக்குப் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடித்துவிடலாம். இரண்டு பக்கமும் கொளுத்தினால் சீக்கிரம், சீராக எரியும். அதனால்தான் கிளம்பும் முன் ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பார்க்கும்போது இன்ஜின் சுற்று கொஞ்சம் இறங்கும். இறங்கவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ரேடியலுக்கென்று ஒரு தனி வில்லங்கமும் உண்டு. ஒரு மாஸ்டர் ராடுதான் கிராங்கைப் பிடித்திருக்கும். மற்ற எட்டும் அதன் இடுப்பில் தொற்றிக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும் கணம் கச்சிதமாக நாற்பது டிகிரி இடைவெளியில் வராது. சிறிது முன்பின் இருக்கும். இதைச் சரிக்கட்ட மேக்னெட்டோவின் கேமில் ஒன்பது மேடுகளையும் சமமற்ற இடைவெளியில் கடைந்திருப்பார்கள், ஒவ்வொரு மேடும் ஒரு குறிப்பிட்ட சிலிண்டருக்கு. கணினி கிடையாது, கால்குலேட்டர் கிடையாது, ஒரு எஃகுத் துண்டில் கணக்கு மொத்தமும் அடக்கம். இன்றைக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இனி ப்ளக். அந்நாளைய விமான ப்ளக்குகளில் காப்புப்பொருள் மைக்கா, நம்ம காக்காப்பொன். பீங்கான் அப்போது வெப்ப அதிர்ச்சியில் விரிசல் விட்டதால், மைக்காத் தகடுகளை நடுக்கம்பியைச் சுற்றி உருட்டி, வட்டு வட்டாக அடுக்கி இறுக்கினார்கள். அமெரிக்காவில் பிஜி, இங்கிலாந்தில் கேஎல்ஜி. பின்னது கெனெல்ம் லீ கின்னஸ் என்ற கார் பந்தய வீரர் தொடங்கியது. ப்ளக் தொழிலுக்கும் பந்தயக்காரர்களுக்கும் அப்படி என்ன ராசியோ. உலகத்துக்கு நல்ல மைக்காத் தகடு பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. பீகாரின் கோடர்மா ஒன்று, அன்றைய மெட்ராஸ் மாகாணத்து நெல்லூர் இன்னொன்று. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து மைக்கா கொள்முதலுக்கென்றே இந்தியாவில் ஒரு கூட்டுக் குழுவை வைத்திருந்தன.

மைக்காவுக்கு எமன் பெட்ரோலில் வந்தான். நாக்கிங்கைத் தடுக்க 1921ல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த டெட்ரா எத்தில் லெட் விமானப் பெட்ரோலில் ஏற ஏற, ஈயச் சேர்மங்கள் மைக்காவை அரித்தன. பதிலுக்கு வந்ததுதான் சுட்டெடுத்த அலுமினா. ஜெர்மனியில் சீமென்ஸ் முன்னால் போக, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். இன்று உங்கள் பைக்கில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் அந்த வம்சம்தான்.

பீங்கான் தப்பித்தது, ஆனால் ஈயம் போகவில்லை. அதைத் துரத்தப் பெட்ரோலில் எத்திலீன் டைப்ரோமைடு சேர்ப்பார்கள். ஈயம் புரோமைடாகி ஆவியாகிப் போய்விடும், ஆனால் ப்ளக்கின் மூக்கு போதிய சூட்டில் இருந்தால்தான். இங்கேதான் ப்ளக் தேர்வின் உயிர்நாடியான வெப்ப அளவு வருகிறது. மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேற நேரமாகும்: அது சூடான ப்ளக். குட்டையாக இருந்தால் குளிர்ந்த ப்ளக். தேவைக்கு மேல் குளிர்ந்தால் கரியும் ஈயமும் உருண்டு திரண்டு இடைவெளியை அடைக்கும். தேவைக்கு மேல் சூடானால் ப்ளக்கே கொள்ளிக்கட்டை. பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனில் ஓட்டை விழும். முதலாவது சள்ளை, இரண்டாவது சாவு.

ரேடியோ வந்ததும் இன்னொரு தலைவலி. ஒவ்வொரு பொறியும் காதில் கரகரக்கும். ஒயர்களையும் ப்ளக்கையும் உலோக உறைக்குள் அடைத்தார்கள். ரேடியோ அமைதியானது, ஆனால் உறையும் ஒயரும் சேர்ந்து ஒரு கெபாசிட்டராகி, பொறிக்குப் பின் தேக்கத்தைக் கொட்டி, முனைகளைத் தின்றன. அதனால் ப்ளக்குக்குள்ளேயே ரெசிஸ்டர் வைத்தார்கள்.

உயரம் வேறு வகை எதிரி. சிலிண்டருக்குள் சூப்பர்சார்ஜர் அடர்த்தியான காற்றைத் திணிக்கிறது. அங்கே பொறி தாண்டுவது கஷ்டம். வெளியே முப்பதாயிரம் அடியில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே தாண்டுவது சுலபம். மின்சாரம் சுலப வழியைத்தானே பார்க்கும்? ப்ளக்குக்குப் போகாமல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே குதித்துவிடும். பி-47 தண்டர்போல்ட்டில் இந்தத் தொல்லை வந்து, மேக்னெட்டோவுக்கும் ஒயர் குழாய்க்கும் காற்றழுத்தம் கொடுத்துச் சமாளித்தார்கள். பிறகு வந்த யோசனை இன்னும் சாமர்த்தியம்: குறைந்த மின்னழுத்தத்தை மட்டும் சிலிண்டர் வரை அனுப்பி, ப்ளக்கின் பக்கத்திலேயே சின்னச் சுருள் வைத்து அங்கே உயர்த்திக்கொள்வது.

எண்ணிக்கையும் எங்கேயோ போய்விட்டது. வாஸ்ப் மேஜர் இன்ஜினில் 28 சிலிண்டர், 56 ப்ளக். பி-36 குண்டுவீச்சு விமானத்தில் அப்படி ஆறு, ஆக 336 ப்ளக். மாற்றி முடித்த மெக்கானிக்கின் விரல்களை நினைத்துப் பார்க்கிறேன். எந்த ப்ளக் மக்கர் பண்ணுகிறது என்று பறக்கும்போதே திரையில் காட்டும் கருவிகூட வந்தது. அதோடு ஜெட் வந்து எல்லாவற்றையும் முடித்துவைத்தது.

முடியாதது வாஸ்ப் ஜூனியர் போன்றவை. ஒன்பது சிலிண்டர், 450 குதிரைசக்தி. பீவர் என்ற மிதவை விமானத்தில் அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் இன்னும் பிழைப்புக்கே ஓடுகிறது. இப்படிப்பட்ட குறைந்த அழுத்த இன்ஜின்களுக்கு 80 ஆக்டேன் பெட்ரோலே போதும். அதில் லிட்டருக்கு 0.14 கிராம் ஈயம்தான். அது வழக்கொழிந்து, கிடைப்பது 100எல்எல். "எல்எல்" என்றால் குறைந்த ஈயம் என்று பொருள், ஆனால் உச்சவரம்பு 0.56 கிராம். இந்தக் கிழவர்களுக்கு அது நாலு மடங்கு. ஆகவே தரையில் கலவையை ஒல்லியாக்கி ஓட்டுவது, மிகக் குறைந்த சுற்றில் வெகுநேரம் விடாமலிருப்பது, கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் சற்றே சூடான ப்ளக் பார்ப்பது என்று போகிறது பிழைப்பு. எல்லா பெட்ரோல் விமான இன்ஜின்களுக்கும் ஈயமில்லாத 100 ஆக்டேன் பெட்ரோல் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2022ல் அனுமதி கிடைத்தது. ஆனால் எல்லா விமான நிலையத்திலும் கிடைத்துவிடவில்லை.

சாம்பியன் ப்ளக்கின் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஆர்இஎம்38இ என்று இருந்தால்: ஆர் ரெசிஸ்டர், இ மேல்முனைத் திருகின் அளவு, எம் அரை அங்குலக் கீழ்த்திருகு, 38 வெப்ப அளவு (எண் கூடினால் சூடு கூடும்), கடைசி இ தடித்த முனைகள். முதல் இ இருக்கும் இடத்தில் ஹெச் இருந்தால் மேல்திருகு பெரியது. உங்கள் ஒயர் அதில் ஏறாது. கடைசியில் எஸ் இருந்தால் மெல்லிய இரிடியம் முனை. அது நன்றாகத்தான் வேலை செய்யும், ஆனால் ஒன்று நூறு டாலருக்கு மேல், பதினெட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் வடியும் இன்ஜினுக்கு அதை வாங்குவது, ஒழுகுகிற கூரைக்குக் கீழே பட்டுப்பாய் விரிப்பதுதான். தடித்த முனையை வாங்கி அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்பது என் கட்சி. இடைவெளி அரை மில்லிமீட்டருக்குள். கார் ப்ளக் கணக்கெல்லாம் இங்கே ஆகாது. கீழே விழுந்த ப்ளக்கைத் திரும்ப மாட்டவே கூடாது. பீங்கானில் விட்ட மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. போர்க்கால மிச்சம் என்று பழைய டப்பாவில் மலிவாக விற்பவற்றையும் நான் நம்பமாட்டேன்.

இதெல்லாம் கிறுக்குத்தனமான நுணுக்கம் என்று தோன்றுகிறவர்களுக்கு ஒரு சம்பவம். 2019 அக்டோபர் 2, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், பிராட்லி விமான நிலையம். காசு கொடுத்து ஏறிய பயணிகள் பத்துப் பேரோடு இரண்டாம் உலகப்போர் காலத்து பி-17 கிளம்பியது. நாலு ரைட் சைக்ளோன் இன்ஜின், ஒவ்வொன்றும் ஒன்பது சிலிண்டர். சில நிமிடங்களில் நாலாவது இன்ஜின் சக்தி குறைய, விமானி அதை அணைத்துவிட்டுத் திரும்பினார். ஓடுபாதையை எட்டாமல் முன்னாலேயே தரை தட்டி, வழி விலகி, மோதி எரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள்: விமானிகள் இருவர், பயணிகள் ஐவர்.

விசாரணையில் இன்ஜின்களைப் பிரித்தார்கள். நாலாவதில் இடது மேக்னெட்டோவின் இணைப்பு கழன்று வராமலிருக்க யாரோ ஒற்றைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அது அசைந்தால் உறையில் பட்டு மேக்னெட்டோ செத்துவிடும். வலது மேக்னெட்டோவில் கேமைத் தொடும் பாகம் தேய்ந்து, பாயிண்ட் இடைவெளி இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. சோதித்தபோது ஒன்பதில் நாலு சிலிண்டருக்குப் பொறி பலவீனம், அல்லது இல்லவே இல்லை. மூன்றாவது இன்ஜினில் எல்லா ப்ளக்கின் இடைவெளியும் அளவு தப்பி, அழுக்கேறி, தாறுமாறாக வெடித்த தடயங்களோடு இருந்தன. மூன்று இன்ஜினோடு வேகத்தைச் சரியாகக் கையாளவில்லை என்பதையே முதன்மைக் காரணமாகவும், பராமரிப்புக் குறைவைத் துணைக் காரணமாகவும் பாதுகாப்பு வாரியம் எழுதியது. அந்த விமானிதான் பராமரிப்புக்கும் பொறுப்பாளர். அதை இயக்கிய நிறுவனம் தன் பழைய விமானங்களில் காசுக்குப் பயணிகளை ஏற்றும் அனுமதியை 2020 மார்ச்சில் அரசு ரத்து செய்தது.