இணையவழிப் பாடங்கள்: உருவாக்குவோர் முன் நிற்கும் அறம் சார்ந்த கேள்விகள்

புது தில்லி: வகுப்பறையில் ஓர் ஆசிரியர் செய்யும் பிழை அந்த வகுப்பின் மாணவர்களோடு நின்றுவிடும். மறுநாளே அதைத் திருத்தவும் முடியும். அதே பாடம் காணொலியாக இணையத்தில் பதிவேற்றப்பட்டால், பிழையும் அதனுடன் மாநிலம் கடந்து, ஆண்டுகள் கடந்து பயணிக்கும். அனுமதியின்றிச் சேர்த்த படம், பார்வையற்ற மாணவரால் வாசிக்க இயலாத பக்கம், குழந்தையின் விவரங்களைத் தேவையின்றிக் கேட்கும் செயலி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். எனவே இவை பாடம் உருவாகும் கட்டத்திலேயே தீர்க்கப்பட வேண்டியவை.

மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் 2017 ஜூலையிலும், பள்ளிக் கல்விக்கான 'திக்‌ஷா' தளம் அதே ஆண்டு செப்டம்பரிலும் தொடங்கப்பட்டன. 2020-இல் கரோனா பொதுமுடக்கம் ஏராளமான ஆசிரியர்களை ஒரே நேரத்தில் பாடத் தயாரிப்பாளர்களாக மாற்றியது. கைப்பேசியில் பாடம் பதிவு செய்யும் பழக்கம் நிலைத்துவிட்டது. ஆனால் அதற்குரிய நெறிகள் அதே வேகத்தில் பரவவில்லை.

பதிப்புரிமை: வகுப்பறை வேறு, பொதுவெளி வேறு

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆவது பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய நகலகத்துக்கு எதிராகப் பதிப்பகங்கள் தொடர்ந்த வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் 2016-இல் இந்த விலக்குக்கு விரிவான பொருள் அளித்தது.

ஆயினும் தம் மாணவர்களுக்கு ஒரு பக்கத்தை நகலெடுத்துத் தருவதும், அதையே யாரும் காணக்கூடிய தளத்தில் ஏற்றி விளம்பர வருவாய் பெறுவதும் ஒன்றல்ல. தேடுபொறியில் கிடைத்த படம் என்பதாலேயே அது உரிமையற்ற பொருள் ஆகிவிடாது. பெயரைக் குறிப்பிட்டு நன்றி தெரிவிப்பது நாகரிகம். அது அனுமதிக்கு ஈடாகாது.

இதற்கு எளிய வழி, திறந்த உரிமம் கொண்ட பொருள்களைப் பயன்படுத்துவது. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தவெளிக் கல்வி வளக் களஞ்சியம், 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தை ஏற்றது. அத்தகைய பொருளை உரியவர் பெயரைக் குறிப்பிட்டு, உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம்.

ஆசிரியரின் உரிமையும் இதில் அடங்கும். பணியின் பகுதியாக உருவாக்கப்படும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், வேலை அளிப்பவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆவது பிரிவு. எனினும் ஆக்கியோன் என்று உரிமை கோருவதை 57-ஆவது பிரிவு காக்கிறது. ஆசிரியர் பணியிலிருந்து விலகிய பின்னரும் அவரது முகமும் குரலும் பயன்படுத்தப்படலாமா என்பதை, பதிவுக்கு முன்னரே எழுத்துவடிவில் முடிவு செய்வது இரு தரப்புக்கும் நல்லது.

விடுபடும் மாணவர் யார்?

"இதோ, இங்கே பாருங்கள்" என்று ஆசிரியர் கரும்பலகையைச் சுட்டுகிறார். பார்வையற்ற மாணவருக்கு அந்த இடத்தில் பாடம் நின்றுவிடுகிறது. "முக்கோணத்தின் நீண்ட பக்கத்தைப் பாருங்கள்" என்று கூறியிருந்தால் அவரும் தொடர்ந்திருப்பார். இதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை.

புத்தகப் பக்கத்தை அப்படியே ஒளிவருடிச் செய்யும் பிடிஎஃப் கோப்பு வெறும் படமே. திரைவாசிப்பு மென்பொருளால் அதில் உள்ள எழுத்துகளை நேரடியாகப் படிக்க இயலாது. வசன வரிகள் இல்லாத காணொலி, செவித்திறன் குறைந்த மாணவருக்கு வாயசைப்பு மட்டுமே. 'சிவப்பில் உள்ளவை தவறான விடைகள்' என்ற குறிப்பு, நிறப் பார்வைக் குறைபாடு உள்ளவருக்குப் பயன்படாது.

மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் அமைவதற்கான நடவடிக்கைகளை எடுக்க, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 42-ஆவது பிரிவு அரசைப் பணிக்கிறது. மின்னணு அடையாளச் சரிபார்ப்பு தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், எண்ம அணுகல் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் அங்கம் என்று கூறியது. பாடநூல்களை இந்தியச் சைகை மொழிக்கு மாற்ற, என்சிஇஆர்டி 2020-இல் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்துடன் ஒப்பந்தம் செய்துள்ளது.

கருவியும் இணைப்பும்

2024-25 கல்வியாண்டின் யூடைஸ் பிளஸ் தரவுகளின்படி, நாட்டின் பள்ளிகளில் 63.5 சதவீதத்தில் இணைய வசதி உள்ளது. ஊரகப் பகுதிகளில் நடத்தப்பட்ட 'அசர் 2024' ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயது வரையிலான சிறுவர்களில் 36.2 சதவீதத்தினரும், சிறுமியரில் 26.9 சதவீதத்தினரும் சொந்தமாக ஸ்மார்ட்போன் வைத்திருப்பதாகத் தெரிவித்தனர்.

உயர் தெளிவில் மட்டும் கிடைக்கும் ஒரு மணி நேரக் காணொலி, அண்ணனின் கைப்பேசிக்காகக் காத்திருக்கும் தங்கைக்கு எட்டாத பாடம். பத்து நிமிடப் பகுதிகளாகப் பிரித்தல், பதிவிறக்க வசதி, குரல் பதிவு, அச்சிடத்தக்க குறிப்பு ஆகியவை இந்த இடைவெளியைக் குறைக்கும். கேரளம் 2020 ஜூன் மாதம் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளை இணையத்தோடு நிறுத்தாமல் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பியது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

மொழியும் சித்திரிப்பும்

அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. ஒரு மொழியில் தயாராகும் பாடத்தை இயந்திர மொழிபெயர்ப்பு சில நொடிகளில் பிற மொழிகளுக்கு மாற்றிவிடும். ஆனால் பாடநூலில் ஒரு கலைச்சொல்லும் காணொலியில் வேறொரு சொல்லும் இருந்தால் குழம்புவது மாணவரே. அந்த மொழியில் அதே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சரிபார்த்த பின் வெளியிடுவதே பாதுகாப்பானது.

மருத்துவர் என்றால் ஆண், செவிலியர் என்றால் பெண், சமையலறையில் எப்போதும் தாய் என்று வரையப்படும் படங்கள், பாடத்தில் எழுதப்படாத ஒன்றையும் சேர்த்துக் கற்பிக்கின்றன. கணக்கில் வரும் பெயர்கள், ஊர்கள், தொழில்கள் யாருடையவை என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளின் தரவு

எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன்படி 18 வயது நிறைவடையாதோர் அனைவரும் குழந்தைகளே. அவர்களின் தரவுகளைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் தேவை. அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களை இலக்காகக் கொண்ட விளம்பரங்களையும் சட்டம் தடுக்கிறது. மீறினால் ரூ.200 கோடி வரை அபராதம் விதிக்கலாம். கல்வி நிறுவனங்களுக்கு வரையறுக்கப்பட்ட விலக்கு உண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வரும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு வினாடிவினாவுக்குக் கைப்பேசி எண்ணும் பிறந்த தேதியும் எதற்கு என்ற கேள்வியை இன்றே எழுப்பலாம். வகுப்பறைக் காணொலியில் மாணவரின் முகம் தெரிகிறது எனில், பெற்றோரின் ஒப்புதலோடு அந்தக் குழந்தையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவின் உதவி

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பாடக் குறிப்பையும் படத்தையும் நொடியில் தருகின்றன. இல்லாத நூலையும் இருப்பதுபோல் காட்டுகின்றன. கல்வியில் இவற்றின் பயன்பாடு குறித்து 2023-இல் வழிகாட்டுதல் வெளியிட்ட யுனெஸ்கோ, வகுப்பறையில் இவற்றைத் தாமே பயன்படுத்துவோருக்குக் குறைந்தபட்ச வயது வரம்பாக 13-ஐப் பரிந்துரைத்தது. கருவி தந்த விடைக்கும் பாடத்தை வெளியிடுபவரே பொறுப்பு.

பதிவேற்றும் முன் சரிபார்க்க

* ஒவ்வொரு படத்துக்கும் இசைக்கும் உரிமம் உள்ளதா?
* கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பாடம் புரிகிறதா? ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் புரிகிறதா?
* குறைந்த வேக இணைப்பில் திறக்கிறதா?
* தேவைக்கு மேல் ஏதேனும் விவரம் கேட்கப்படுகிறதா?
* பிழையைச் சுட்டிக்காட்டவும் திருத்திய பதிப்பை அடையாளம் காணவும் வழி உள்ளதா?

கடைசிக் கேள்வி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. பிழையில்லாப் பாடம் அரிது. ஆனால் திருத்தப்படாத பாடத்தை நம்பித் தேர்வு எழுதப்போவது, அதை உருவாக்கியவர் ஒருபோதும் சந்திக்காத ஒரு மாணவர்.