விமோசனம்: புதுப்பாளையத்திலிருந்து புறப்பட்ட சிரிப்பு

திருச்செங்கோடு காந்தி ஆசிரமம் என்றதும் கதரும் கைராட்டையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த ஆசிரமம் ஒரு மாதப் பத்திரிகையும் நடத்தியது. அதன் ஆயுள் பத்து இதழ்கள்தாம். நூற்றாண்டு கண்ட நிறுவனத்தின் வரலாற்றில் அதற்கு அரைப்பக்கம் கிடைத்தால் பெரிது. தமிழ் நையாண்டியின் வரலாற்றிலோ அதற்குரிய இடம் பெரியது.

1925 பிப்ரவரி 6 அன்று புதுப்பாளையத்தில் ஆசிரமம் தொடங்கியது. இடம் தந்தவர் அவ்வூர் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். திறந்து வைத்தவர் ஈ.வெ.ரா. பெரியார். பொறுப்பேற்று நடத்தியவர் ராஜாஜி. சேலத்தில் பெயர்பெற்ற வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவர். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அன்று சேலம் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. மானாவாரிக் காடுகளை நம்பிய சீமை. மழை பொய்த்த வருடங்களில் நூற்புக் கூலிதான் பல வீடுகளில் அடுப்பெரிய உதவியது.

அந்தக் கூலி சாயங்காலமானால் கள்ளுக்கடைக்குப் போனது. கடைகளை ஏலம் விட்டது சர்க்கார். ஏலம் எடுத்தவருக்கு லாபம், சர்க்காருக்கு வருமானம், குடியானவனுக்குக் கடன். ராட்டை ஒரு பக்கம் கொடுத்ததைக் கள்ளுமுட்டி மறுபக்கம் பிடுங்கிக்கொண்டால் ஆசிரமம் நடத்தி என்ன பயன்? இந்தக் கேள்வியிலிருந்துதான் 1929இல் ‘விமோசனம்’ பிறந்தது. மதுவிலக்குக்கென்றே ஒரு மாத இதழ். ஆசிரியர் ராஜாஜி. துணையாசிரியர் ரா. கிருஷ்ணமூர்த்தி. திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் தொழில் பழகியவர், 1928இல் ‘ஆனந்த விகடன்’ இதழுக்கு ‘ஏட்டிக்குப் போட்டி’ எழுதி வாசகரைச் சிரிக்க வைத்தவர். கல்கி என்றால்தான் நமக்குத் தெரியும்.

மதுவிலக்குப் பத்திரிகைக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. குடிக்காதவர் மட்டுமே அதைப் படிப்பார். ஏற்கெனவே ஒப்புக்கொண்டவருக்கு உபதேசம் எதற்கு? குடிப்பவரைத் திட்டினால் அவர் பத்திரிகையைத் தொடவே மாட்டார். ஆகவே ‘விமோசனம்’ கதையையும் பாட்டையும் படத்தையும் நம்பியது. கதையை ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கலாம். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கூடப் படத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரித்தபின் அந்தப் படத்தில் இருப்பது தானோ என்று யோசிக்கலாம்.

இந்த வித்தை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் முதலில் வருவான். ராஜாவின் வருகையைச் சொல்வான். அடுத்த மூச்சில் ராஜாவையே கேலி செய்வான். எதிரே உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியதனக்காரருக்கும் அதில் பங்கு உண்டு. கோமாளி சொன்னதற்கு யார் கோபித்துக்கொள்வது?

அச்சில் இதைக் கையாண்டவர் பாரதி. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் ஆங்கில ஆட்சியைக் கேலி செய்யும் சித்திரங்களை வெளியிட்டார். ‘காக்காய் பார்லிமெண்ட்’ கதையில் காக்கைகளைக் கூட்டி அரசியல் பேச வைத்தார். அதை மொழிபெயர்த்துச் சொல்லக் காக்கை பாஷை தெரிந்த ஒரு சாமியாரையும் ஏற்பாடு செய்தார். ‘சின்னச் சங்கரன் கதை’யில் ஒரு சிற்றூர் ஜமீனின் கோணங்கித்தனங்களைத் தோலுரித்தார். சித்திரம், பேசும் பிராணி, சிற்றூர் விசித்திரர்கள் மூன்றும் அவரிடம் இருந்தன, தனித்தனியே இருந்தன. அமெரிக்க நாளிதழ்களில் வால்ட் கெல்லியின் ‘போகோ’ போன்ற படத்தொடர்கள் இந்த மூன்றையும் ஒரே கட்டங்களுக்குள் அடைத்தன. தமிழில் அப்படி ஒரு தொடர் வேரூன்றவில்லை. இங்கே நையாண்டி வாரப் பத்திரிகையின் துணுக்கிலும் அட்டையிலும் குடியேறியது.

அந்தக் குடியேற்றத்துக்குப் புதுப்பாளையம் வழியாகவும் ஒரு பாதை போகிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை போய்ச் சிறை புகுந்தார். ‘விமோசனம்’ நின்றது. கல்கியும் சிறை சென்று மீண்டார்; பிறகு எஸ்.எஸ். வாசனின் ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார். அங்கே அவர் எழுத்தும் ஓவியர் மாலியின் கோடும் சேர்ந்தன. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் அவர் சங்கீத விமரிசனம் எழுத, வித்வான்களின் முகச்சேட்டைகளை மாலி வரைந்தார். அதே பத்திரிகையில் பின்னாளில் கேலிச்சித்திரக்காரர் மதனின் இரட்டைவால் ரெங்குடுவும் முன்ஜாக்கிரதை முத்தண்ணாவும் வந்தார்கள். 1970 பொங்கலன்று வெளியான சோவின் ‘துக்ளக்’ முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் அந்தப் பத்திரிகையைப் பற்றியே பேசிக்கொண்டன.

சிரிப்புக்கு என்ன விலை என்பதையும் விகடன்தான் காட்டியது. 1987 மார்ச்சில் அதன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது. சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே சில நாளில் விடுவித்தது. அவர் வழக்காடி ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடு பெற்றார்; அதைச் செலவழிக்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்.

‘விமோசனம்’ கேட்டது ஒரு காலத்தில் கிடைத்தது. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதலில் அமலான மாவட்டம் சேலம்தான். கலால் வருமானம் போன இடத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1983இல் சர்க்காரின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அன்று கடையை ஏலம் விட்ட சர்க்கார் இன்று தானே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது; விற்பனை வரியும் போகவில்லை.

‘விமோசனம்’ பதினோராம் இதழ் போட விஷயப் பஞ்சமில்லை.